ரவுட்டரின் மூன்று வாசல்கள்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் கணினித் துறையில் ஒரு பிள்ளையாவது இருக்கிறது. அவர்களிலும் 'நெட்வொர்க்' பிரிவில் வேலை பார்ப்பவர்களின் பாடு தனி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, கறுப்புத் திரையில் நாலு வரி தட்டிவிட்டுத் திரும்பப் படுப்பார்கள். "நாலு வரிக்கா இந்த ஆர்ப்பாட்டம்? பகல்ல அடிச்சா என்னவாம்?" என்று கேட்காத அம்மா கிடையாது. அந்தக் கேள்விக்கு முறையான பதில் ஒன்று உண்டு. ஆனால் அதற்கு ரவுட்டரின் உள்ளே எப்படி நுழைகிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முன்பெல்லாம் ரயில்வே மெயில் சர்வீஸ் பெட்டியில் ஊர் ஊராகக் கடிதம் பிரிப்பார்களே, ரவுட்டர் செய்வது அந்த வேலைதான். வந்த தகவல் பொட்டலத்தின் விலாசத்தைப் பார்த்து, அடுத்து எந்தப் பக்கம் தள்ளுவது என்று தீர்மானிக்கிறது. தமிழில் 'திசைவி' என்று நல்ல பெயர் இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் வாயில் ரவுட்டர்தான் வருகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். வீட்டு வைஃபை பெட்டியும் ஒரு ரவுட்டர்தான். அதற்கு உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து பட்டனை அழுத்தினால் போதும். வங்கி, ரயில்வே, தொலைபேசிக் கம்பெனி இங்கெல்லாம் இருக்கும் பெரியவற்றுக்குத் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. வெளிர்நீலத்தில் தட்டையாக ஒரு கேபிள். அதைக் 'கன்சோல்' துளையில் செருகி லேப்டாப்பிலிருந்து பேசலாம். அல்லது எங்கோ உட்கார்ந்துகொண்டு நெட்வொர்க் வழியாகவே உள்ளே போகலாம். பெரும்பாலும் நடப்பது இரண்டாவது. எப்படிப் போனாலும் பேச்சு எழுத்தால்தான்: நாம் ஒரு கட்டளை அடிக்க, அது பதில் சொல்லும்.

லியோனார்ட் போசாக், சாண்டி லெர்னர் என்ற ஸ்டான்ஃபோர்டு தம்பதி 1984-ல் தொடங்கிய கம்பெனி சிஸ்கோ. அதன் ரவுட்டர்களுக்குள் இருக்கும் மென்பொருள் ஐ.ஓ.எஸ். (ஐபோனில் இருப்பது வேறு.) ஹைதராபாத் அமீர்பேட்டிலோ வேறெங்கோ சி.சி.என்.ஏ. படித்த பிள்ளைகள் முதலில் கற்றது இதன் கட்டளைகளைத்தான். ஆகவே உதாரணத்துக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

உள்ளே போனதும் ரவுட்டர் தன் பெயரைச் சொல்லி, பக்கத்தில் ஒரு குறி போட்டுக் காத்திருக்கும். பெயர் மாதுங்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் வருவதும் நாம் அடிப்பதும் ஆங்கில எழுத்தில்தான். இங்கே ஒலியை மட்டும் தருகிறேன்.

மாதுங்கா>

இது திண்ணை. யார் வந்தாலும் உட்காரலாம், நாலு விஷயம் விசாரிக்கலாம். அக்கம்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று 'பிங்' செய்து பார்க்கலாம். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. உள்ளே போக 'எனேபிள்' என்று அடித்து ரகசியச் சொல்லைக் கொடுக்க வேண்டும். மூன்று தடவை தப்பாகக் கொடுத்தால் 'பேட் சீக்ரெட்ஸ்' என்று சொல்லித் திண்ணையிலேயே உட்கார வைத்துவிடும். சரியாகக் கொடுத்தால் கூர்க்குறி போய் ஹேஷ் குறி வரும்.

மாதுங்கா#

இது கூடம். முழு அமைப்பையும் பார்க்கலாம், ரவுட்டரை நிறுத்தித் திரும்பக் கிளப்பவும் செய்யலாம். இத்தனை அதிகாரம் வந்த பிறகும் ஒரு துளையின் விலாசத்தை மாற்று என்று சொன்னால் கேட்காது. அதற்குச் சமையற்கட்டுக்குள் போக வேண்டும். அந்த வாசலின் பெயர்தான் 'கான்ஃபிகர் டெர்மினல்'.

'கான்ஃபிகர்' என்று மட்டும் அடித்தால் ரவுட்டர் திருப்பிக் கேட்கும்: எங்கிருந்து? டெர்மினலா, மெமரியா, நெட்வொர்க்கா? அதாவது உத்தரவு இந்தக் கீபோர்டிலிருந்து வரப்போகிறதா, ஏற்கெனவே சேமித்ததிலிருந்து எடுக்கவா, வேறொரு கணினியிலிருந்து கொண்டுவரவா என்று. கீபோர்டுதான் என்பதற்கு அடையாளமே 'டெர்மினல்' என்ற சொல். குழப்பம் இல்லாதவரை சுருக்கி அடிக்கலாம் என்பதால் எல்லோரும் அடிப்பது 'கான்ஃப் டி'. உடனே, வரிக்கு ஒரு கட்டளை கொடு, முடிந்ததும் கன்ட்ரோலோடு இசட் அழுத்து என்று சொல்லிவிட்டு, குறியை மாற்றிக்கொள்கிறது.

மாதுங்கா(கான்ஃபிக்)#

இங்கிருந்து ஒரு குறிப்பிட்ட துளைக்குப் போனால் அடைப்புக்குள் 'கான்ஃபிக்-இஃப்' என்று வரும். 'எக்ஸிட்' ஒரு படி பின்னால் வரும். 'எண்ட்' அடித்தால் நேரே கூடத்துக்கு வந்துவிடலாம். எதையாவது சரிபார்க்க வழக்கமான 'ஷோ' கட்டளையை இந்த அறையில் அடித்தால் புரியவில்லை என்கும். முன்னால் 'டூ' சேர்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பசங்க இதற்குத் திட்டாத திட்டு கிடையாது. எனக்கென்னவோ இந்தத் தொந்தரவு நல்லது என்றே படுகிறது. எந்த அறையில் நிற்கிறோம் என்பதை அது மறக்க விடுவதில்லை.

போகிற போக்கில் இன்னொன்று. கூடத்தில் ஒரு கட்டளையை எழுத்துப் பிழையோடு அடித்தால், அது ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பெயரில் கணினி எங்கே இருக்கிறது என்று ரவுட்டர் தேடக் கிளம்பிவிடும். அது திரும்பி வருவதற்குள் ஒரு வாய் டீ குடித்துவிடலாம். அனுபவஸ்தர்கள் முதல் வேலையாக அந்தத் தேடலை அணைத்து வைப்பார்கள்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். கணினியில் கடிதம் அடிக்கிறோம், தப்பானால் அழிக்கிறோம், திருப்தியான பிறகு 'சேவ்' செய்கிறோம். ஐ.ஓ.எஸ்.ஸின் சமையற்கட்டில் அந்தக் கதை நடக்காது. எண்டர் தட்டிய மறுநொடி அந்த வரி அமலுக்கு வந்துவிடும். "நிச்சயமாகத்தானா?" என்று பொதுவாகக் கேட்பதில்லை. ஒரு துளையில் 'ஷட்டவுன்' என்று அடித்தால் அது மூடிக்கொள்ளும். நாம் எங்கோ இருந்து உள்ளே வந்த வழியே அந்தத் துளைதான் என்றால்? நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டின கதை. திறக்க இன்னொரு வரி போதும். அதை அடிக்க நாம்தான் உள்ளே இல்லை.

'ஷட்டவுன்' விஷயத்திலாவது எச்சரிக்கையாக இருப்பார்கள். அனுமதிப் பட்டியல் இன்னும் நைச்சியமானது. யார் உள்ளே வரலாம் என்று வரிவரியாக எழுதும் பட்டியல் அது. எழுதாத கடைசி வரி ஒன்று அதில் எப்போதும் உண்டு: மற்ற எல்லாரையும் தடு. ஏற்கெனவே ஒரு துளையில் மாட்டியிருக்கும் பட்டியலை அழித்துப் புதிதாக எழுதத் தொடங்குகிறோம் என்று வையுங்கள். பத்து வரியில் நமக்கு இடம் தருவது ஏழாவது வரி. முதல் வரிக்கு எண்டர் தட்டியதுமே எழுதாத வரியும் அமலாகும். இரண்டாவது வரி போய்ச் சேராது.

இதிலிருந்து தப்ப ஐ.ஓ.எஸ்.ஸிலேயே ஒரு வழி இருக்கிறது. ரவுட்டரிடம் அமைப்பின் பிரதிகள் இரண்டு உண்டு. ஒன்று இப்போது ஓடிக்கொண்டிருப்பது. நாம் மாற்றுவது இதைத்தான், மின்சாரம் போனால் இது போய்விடும். மற்றது சேமித்து வைத்தது. திரும்பக் கிளம்பும்போது ரவுட்டர் இதைப் படித்துக்கொள்ளும். முதலாவதை இரண்டாவதன்மேல் நாமாகப் படியெடுத்தால்தான் மாற்றம் நிலைக்கும். இதை மறந்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கரண்ட் போய் வந்ததும் முழித்த அலுவலகங்கள் உண்டு. ஆனால் இந்தக் குறையே காப்பாற்றவும் செய்யும். மாற்றத்தைத் தொடுவதற்கு முன் கூடத்திலிருந்தே 'ரீலோட் இன் 10' என்று அடித்துவிட வேண்டும்: பத்து நிமிஷத்தில் நீயாகவே நின்று கிளம்பு. பிறகு சமையற்கட்டுக்குப் போய் வேலையைப் பார்க்கலாம். எல்லாம் சரி என்றால் 'ரீலோட் கேன்சல்' செய்துவிட்டுச் சேமிக்கலாம். வழி அடைபட்டுப் போனால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ரவுட்டர் பழைய பிரதியோடு எழுந்து வரும். நடுவில் அவசரப்பட்டுச் சேமித்துவிடக் கூடாது, அவ்வளவே. ரவுட்டர் எழுந்து வருகிற அந்தச் சில நிமிஷம் அதன் வழியாக எதுவும் ஓடாது. பகல் பதினொரு மணிக்கு ஒரு வங்கியில் அதைச் செய்ய யாருக்குத் துணிவு வரும்? விடியற்காலை இரண்டு மணியின் ரகசியம் இதுதான்.

எல்லாக் கம்பெனிகளும் ஐ.ஓ.எஸ். வழியில் போகவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பிரதீப் சிந்து 1996-ல் நிறுவிய ஜூனிபர் கம்பெனியின் ரவுட்டர்களில், அடித்தது ஒரு வரைவில் நிற்கும். 'கமிட்' என்று சொன்னால்தான் அமலாகும். 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்றால் பத்து நிமிஷத்துக்குள் நாம் மறுபடி உறுதி சொல்லாவிட்டால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சிஸ்கோவும் பின்னாளில் தன் பெரிய ரவுட்டர்களுக்கான ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆரில் 'கமிட்' முறைக்கு வந்தது.

2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் செத்துக் கிடந்தது நினைவிருக்கும். வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய தகவல் மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க ஒரு தணிக்கை மென்பொருள் இருந்தது. அதில் ஒரு பிழை. வெளியிலிருந்து உள்ளே போகும் வழி அதே நெட்வொர்க்கில் இருந்ததால் பொறியாளர்கள் தகவல் மையத்துக்கே நேரில் போக வேண்டி வந்தது. கனடாவின் ராஜர்ஸ் கம்பெனியில் 2022 ஜூலை 8-ஆம் தேதி நடந்ததும் இதே ஜாதிதான்: ரவுட்டர் அமைப்பில் ஒரு வடிகட்டியை எடுத்துவிட்டார்கள், 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் தொடர்பு அறுந்தது, சரிசெய்ய வேண்டியவர்களின் வழியும் அதோடு போயிற்று.

அதனால்தான் விவரம் தெரிந்த இடங்களில் கன்சோல் துளைக்கென்று ஒரு தனி இணைப்பு போட்டு வைக்கிறார்கள்: வேறு கம்பெனியின் லைன், அல்லது ஒரு மொபைல் சிம். வருஷம் முழுக்க யாரும் தொடாமல் கிடக்கும். பில் மட்டும் மாதாமாதம் வரும். கணக்குப் பிரிவில் யாராவது, "உபயோகமே இல்லாத லைனுக்கு எதுக்குப் பணம்?" என்று அதை வெட்டப் பார்த்தால், நெட்வொர்க் பிள்ளைகள் சண்டைக்குப் போவார்கள்.