மலை ஆடுகளுக்கு ஊசி போடுவதா, வேண்டாமா?

கோமாரி என்றதும் வாயில் நுரை ஒழுக, குளம்பிடுக்கில் புண்ணாகி, தீனி எடுக்காமல் நிற்கும் மாடுதான் நம் நினைவுக்கு வரும். செம்மறிக்கும் அந்நோய் வரும் என்பதை விலங்கியல் வகுப்பில் உட்காரும் முன்பே நான் அறிவேன். ஏனெனில் என் தந்தை ஆடு மேய்ப்பவர். ஆனால் ஆட்டில் அதைக் கண்டுகொள்வது எளிதன்று. "ரெண்டு நாள் நொண்டுச்சு, அப்புறம் சரியாப் போச்சு" என்பார். அவ்வளவுதான். 2001ஆம் ஆண்டில் பிரிட்டனைப் புரட்டிப் போட்டவை இப்படிச் ‘சரியாப் போன’ ஆடுகளே.

அவ்வாண்டு பிப்ரவரி 20ஆம் நாள் எசெக்ஸ் பகுதி இறைச்சிக்கூடம் ஒன்றிலிருந்த பன்றிகளுக்குக் கோமாரி என்பது உறுதியாயிற்று. நோயின் தொடக்கம் வடக்கே நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணை என்பது பின்னர் தெரிந்தது. சரியாக வேகவைக்காத எச்சில் உணவைப் பன்றிக்கு இட்டதால் வந்த வினை. அங்கிருந்து அக்கம்பக்கத்து ஆடுகளுக்குத் தொற்றியது. அவை ஹெக்சம், லாங்டவுன் சந்தைகள் வழியே நாட்டின் பல மூலைகளுக்கும் விலையாகிப் போயின. நோய் கண்டுபிடிக்கப்பட்ட அன்றே அது பல மாவட்டங்களுக்குப் போய்விட்டது.

அரசு கையாண்ட முறை கொல்லுதல். நோய் கண்ட பண்ணையில் 24 மணி நேரத்திற்குள்ளும், அதை ஒட்டிய பண்ணைகளில் 48 மணி நேரத்திற்குள்ளும் விலங்குகளைக் கொன்றுவிட வேண்டும் என்பது விதியாயிற்று. கம்பிரியா மாவட்டத்தின் சில பகுதிகளில் நோய்ப் பண்ணையைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் இருந்த ஆடுகள், நோய் காணாதபோதும் கொல்லப்பட்டன. செப்டம்பர் 30இல் கடைசி நோய் காணும்வரை 2,026 இடங்களில் நோய் உறுதியாயிற்று. மாண்ட விலங்குகளோ 60 லட்சத்திற்கும் மேல். நடமாட்டத் தடையால் தீனியின்றித் தவித்து, அதனால் கொல்லப்பட்டவையும் இதில் அடங்கும்.

கம்பிரியாவின் ஏரி மாவட்ட மலைகளில் ஹெர்ட்விக் என்ற செம்மறி இனம் உண்டு. பிறக்கும்போது கறுப்பு, வளர வளர நரைக்கும். உலகிலுள்ள ஹெர்ட்விக் ஆடுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு மலைப்பகுதியில்தான் உள்ளன. அம்மலைகளின் உச்சியில் வேலி கிடையாது. ஆயினும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லைக்குள்ளேயே மேயும். எந்தச் சரிவு நம்முடையது, பனிக்காற்றடித்தால் எந்தப் பாறை மறைவில் ஒதுங்க வேண்டும் என்பதைத் தாய் ஆடு குட்டிக்குக் கூடவே நடந்து பழக்குகிறது. அக்குட்டி தாயாகித் தன் குட்டிக்குப் பழக்குகிறது. இவ்வழக்கத்தை அவர்கள் ‘ஹெஃப்ட்’ என்பர். அங்கே பண்ணை கைமாறினால் மந்தையும் அதனோடு சேர்ந்து கைமாறுவது பழைய வழக்கம். வேறு ஆட்டை வாங்கி விட்டால் அதற்கு மலை தெரியாது அல்லவா? அரசு ஆட்டுக்கு இழப்பீடு தந்தது. ஆனால் இந்தப் பழக்கத்தை எந்தச் சந்தையில் வாங்குவது?

அப்படியானால் ஊசி ஏன் போடவில்லை? கோமாரி ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். போட்ட நான்கைந்து நாட்களில் பாதுகாப்பு தொடங்கும். பல மாதங்கள் நிற்கும். வைரஸில் ஏழு வகை உண்டு. ஒன்றுக்குரிய ஊசி மற்றொன்றுக்கு உதவாது. 2001இல் வந்தது ‘ஓ’ வகை. அதற்கு ஊசி இருந்தது. தடையாக நின்றது வாணிபம். நோயற்ற நாடு என்ற தகுதியை மீட்க, எல்லாவற்றையும் கொன்றால் 3 மாதம் போதும்; ஊசி போட்டவற்றை உயிரோடு விட்டால் 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அன்றைய பன்னாட்டு விதி. ஊசியால் வந்த எதிர்ப்பொருளா, நோயால் வந்ததா என்று பிரித்தறியும் சோதனைக்கு அப்போது முழு ஏற்பு கிட்டவில்லை. ஏப்ரலில் கொட்டிலில் இருந்த மாடுகளுக்கு மட்டுமாவது போடலாம் என அரசு யோசித்தது, ஊசி போட்ட மாட்டின் பாலை யார் வாங்குவார் என்று விவசாயிகள் சங்கம் கேட்டது, திட்டம் கைவிடப்பட்டது. நெதர்லாந்தில் ஏறத்தாழ 2 லட்சம் விலங்குகளுக்கு ஊசி போட்டார்கள். பிறகு அவற்றையும் கொன்றார்கள்!

இவ்வளவும் செய்து பிரிட்டன் தன் தகுதியை மீட்டது 2002 ஜனவரியில். அதாவது பதினோரு மாதம் கழித்து.  அரசுக்கு 300 கோடி பவுனுக்கு மேலும், தனியாருக்கு 500 கோடி பவுனுக்கு மேலும் செலவும் நட்டமும் ஏற்பட்டன. இந்தக் கணக்கை என் தந்தையிடம் சொன்னேன். "ஊசி போட்ட ஆடு விலை போகலைன்னா அந்த நட்டத்தைச் சர்க்காரு குடுத்திருக்கலாமே, அதுக்கு ஏம்ப்பா இம்புட்டுக் காசு?" என்றார்.

ஆயினும் ஊசி போட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் வாதிட மாட்டேன். பொதுமலையில் பல பண்ணைகளின் ஆடுகள் மேய்கின்றன. நாய்களை ஏவி அவற்றை ஓரிடத்தில் திரட்டினால், நோய் ஒன்றில் இருந்தாலும் பலவற்றுக்குத் தொற்றும். சில ஆடுகள் கண்ணில் படாமல் தப்பும். ஊசி போட்ட ஆடு நோய்க்குறி காட்டாமலே தொண்டையில் வைரஸைச் சுமக்கலாம் என்ற அச்சமும் உண்டு. ஆனால் அவ்வாறு சுமக்கும் செம்மறியிடமிருந்து நோய் பரவியதற்கு உறுதியான சான்று அரிது.

எனவே ஊசியோடு மலையேறுவது வீண் என்பது என் கருத்து. மலை மந்தையின் இளம் பெட்டைகள் குளிர்காலத்தில் சமவெளிப் பண்ணைகளுக்கு மேய அனுப்பப்படுகின்றன. 2001இல் தடையால் அங்கேயே சிக்கி, பல கொல்லப்பட்டன. அவை வேலிக்குள் இருந்தவை, எண்ணிக்கை தெரிந்தவை; முதல் ஊசி அவற்றுக்குப் போட்டிருக்கலாம். ஏப்ரலில் குட்டி ஈனத் தாய் ஆடுகள் கீழே வீட்டருகு வயலுக்குக் கொண்டுவரப்படும். அப்போது அவற்றுக்கும் போட்டிருக்கலாம். நோய் வந்த பிறகன்று, பக்கத்து மாவட்டத்தில் இருக்கும்போதே.

நெருக்கடிக் காலத்தில் ஊசி போட்டு உயிரோடு விடுவதையும் முக்கிய வழியாகக் கொள்ள வேண்டும் என்று ராயல் சொசைட்டியின் ஆய்வுக்குழு 2002இல் பரிந்துரைத்தது. பன்னாட்டு விதியும் அவ்வாண்டே 12 மாதத்தை 6 மாதமாகக் குறைத்தது. 2007இல் சர்ரே பகுதியில் கோமாரி மீண்டும் தோன்றியபோது ஊசி ஆயத்தமாக இருந்தது. நோய் எட்டுப் பண்ணைகளோடு நின்றுவிட்டதால் அது பயன்படாமலே போயிற்று.