ஒரே பெயர், வேறு நிறை: அயோடின் மருத்துவத்தை அறிந்துகொள்வோம்

"அயோடின் கலந்த உப்பைச் சேர்க்கக் கூடாது என்றீர்கள். இப்போது நீங்களே அயோடின் கொடுக்கிறீர்களே, ஐயா?" தைராய்டுப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, கதிரியக்க அயோடின் மருத்துவத்துக்கு ஆயத்தமாகும் நோயாளர்களின் குடும்பத்தினர் கேட்கும் நியாயமான கேள்வி இது. இதற்கான விடை நம் பிள்ளைகளின் வேதியியல் பாடநூலிலேயே இருக்கிறது.

அணுவின் நடுவிலுள்ள கருவில் புரோட்டான், நியூட்ரான் என்னும் இருவகைத் துகள்கள் உள்ளன. ஓர் அணு எந்தத் தனிமத்தைச் சேர்ந்தது என்பதைப் புரோட்டான்களின் எண்ணிக்கையே முடிவு செய்கிறது. 53 புரோட்டான்கள் இருந்தால் அது அயோடின். நியூட்ரான்களின் எண்ணிக்கை மாறினால் தனிமம் மாறுவதில்லை. நிறை மட்டுமே மாறுகிறது. உப்பிலும் கடல் மீனிலும் உள்ள அயோடினில் 74 நியூட்ரான்கள் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 127. மருத்துவத்துக்கென ஆக்கப்படும் அயோடினில் 78 நியூட்ரான்கள், கூட்டுத்தொகை 131.

இவ்வாறு ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களை ஐசோடோப்புகள் என்பர். 1913ஆம் ஆண்டு வேதியியலாளர் பிரெடெரிக் சாடி இக்கருத்தை வெளியிட்டபோது, அதற்குப் பெயர் சொல்லித் தந்தவர் மார்கரெட் டாட் என்னும் பெண் மருத்துவர். கிரேக்க மொழியில் அதன் பொருள் 'அதே இடம்'. தனிம அட்டவணையில் அவை ஒரே கட்டத்தில் அமர்வதால் தமிழில் 'ஓரிடத்தான்' எனவும் வழங்குவர்.

அந்த அட்டவணையில் குளோரினின் அணு நிறை 35.45 என்று இருப்பதைக் கண்டு மாணவர்கள் வியப்பதுண்டு. இயற்கையில் நூறு குளோரின் அணுக்களை எடுத்தால் ஏறத்தாழ 76 அணுக்கள் 35 நிறையுடையவை; 24 அணுக்கள் 37 நிறையுடையவை. இவற்றின் சராசரியே அந்த எண். நம் வீட்டு உப்பில் இருவகைக் குளோரினும் கலந்தே உள்ளன. நாவுக்கு வேறுபாடு தெரிவதில்லை. இயற்கை அயோடினோ முழுவதும் 127 என்னும் ஒரே வகை. ஆகவே அதன் அணு நிறை, 126.90 என, 127ஐ ஒட்டியே நிற்கிறது.

நாவைப் போலவே தைராய்டுத் திசுவும் நிறையை அறியாது. வேதிப் பண்புகளை ஆள்பவை எலக்ட்ரான்கள். அவை இருவகை அயோடினிலும் ஒரே எண்ணிக்கையில் உள்ளன. எனவே 127ஐ ஈர்ப்பதுபோலவே 131ஐயும் அத்திசு ஈர்த்துக்கொள்கிறது. உணவின் வழியே அது முன்பே நிறைவடைந்திருந்தால் மருந்துக்கு இடமிராது. உப்பை நிறுத்தச் சொல்வது, திசுவை அயோடினுக்கு ஏங்கவைப்பதற்கே.

உள்ளே சென்றபின் வேறுபாடு வெளிப்படுகிறது. 131இன் கரு நிலையற்றது. அது சிதையும்போது வெளிவரும் பீட்டாத் துகள்கள் திசுவினுள் ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே சென்று, எஞ்சிய புற்றுச் செல்களை அழிக்கின்றன. உடன் எழும் காமாக் கதிர்களோ உடலைக் கடந்து வெளியேறுகின்றன. அவற்றைக் கொண்டே மருந்து எங்குத் தங்கியுள்ளது என்பதைப் படமெடுக்கிறோம்; அவற்றின் பொருட்டே நோயாளரைச் சில நாள் தனித்திருக்கச் சொல்கிறோம்.

இந்நிலை நெடுநாள் நீடிப்பதில்லை. 131இன் அரை ஆயுட்காலம் 8 நாள். 8 நாளில் பாதியாகவும், 16 நாளில் கால் பங்காகவும், 24 நாளில் அரைக்கால் பங்காகவும் அது குறையும். சிதைந்த அணு, செனான் என்னும் தீங்கற்ற வாயுவாக மாறிவிடும். திசு ஏற்காத மருந்தின் பெரும்பகுதி முதல் சில நாள்களிலேயே சிறுநீரோடு வெளியேறிவிடும். நீர் நிறையப் பருகுமாறும், கழிப்பறைத் தூய்மையைப் பேணுமாறும் வலியுறுத்துவது அதனாலேயே.

கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டும் தாய்மாரும் மருந்து பெறுமுன் அதைத் தவறாது மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வீடு திரும்பியபின் குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பது மருந்தின் அளவைப் பொறுத்தது; உங்களுக்கு எழுதித் தரப்படும் நாள்கணக்கையே பின்பற்றுங்கள். அந்த விலகல் அன்பின் குறைவன்று. எண்ணி முடிக்கக்கூடிய சில நாள்களின் காத்திருப்பே.