பூதத்துக்குச் சிறகு உண்டா?

ஒரு கதை எப்போது முடிகிறது? கடைசிப் பக்கத்தில் 'முற்றும்' என்ற சொல்லைக் கண்டதும் முடிந்துவிட்டது என்று பெரியவர்களாகிய நாம் கூறுவோம். வீட்டுச் சிறுவர்கள் அதனை ஒப்புக்கொள்வதில்லை. "அந்த அரக்கனை முதலில் படைத்தவர் யார்? மந்திரக்கோல் முறிந்தால் மந்திரமும் போய்விடுமா?" என்று அடுக்கடுக்காய் வினவுவர். பாட்டிமாரும் சளைக்காமல் விடை பகர்வர். கதையில் இல்லாத விடையை, கதைக்குப் பொருந்துமாறு சொல்வதிலேதான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது.

இப் பழக்கம் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. நன்கு கற்று வளர்ந்தவர்களும் ஒரு கற்பனைக் கதையின் மந்திரம், மாயம், பூதம் என்பன பற்றி ஆண்டுக்கணக்கில் வாதாடி வருகின்றனர். ஆசிரியர் சொல்லாது விட்டதை ஊகித்து, நூலிலிருந்தே சான்று காட்டி, 'இதுவே உண்மை' என நிறுவ முயல்கின்றனர். இது வீண் பொழுதுபோக்கா, அன்றி இதனால் ஏதேனும் பயன் உண்டா? ஒரு பெருங்கதையைக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொள்வது 'த லோர்ட் ஒவ் த ரிங்ஸ்' என்னும் ஆங்கிலக் கதை. இது 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. ஆக்கியோர், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலமொழிப் பேராசிரியராய் விளங்கிய ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892 - 1973) ஆவார். கதையின் கரு ஒரு மோதிரம். அதனை அணிந்தவர் பிறர் கண்ணுக்கு மறைவர். ஆயினும் நாளடைவில் அதற்கே அடிமையாவர். சவுரோன் என்னும் கொடியோன் வார்த்த அம் மோதிரம் மீண்டும் அவன் கையில் அகப்படுமுன், அது பிறந்த எரிமலையிலேயே அழிக்கப்படல் வேண்டும். அச் சுமை, ஹொபிட் என்னும் குறுகிய உருவமுடைய இனத்தவனாகிய புரோடோவின் தலையில் விழுகிறது.

இக் கதையில் மந்திரம் இன்ன விதிப்படி இயங்கும் என்று ஆசிரியர் பாடநூல் போல் எழுதி வைக்கவில்லை. இங்கொரு குறிப்பும் அங்கொரு சொல்லுமாக விட்டுச் சென்றார். அந்த இடைவெளிகளிலேதான் வாசகர்களின் ஊகங்கள் முளைத்தன.

'போல்' என்ற சொல்லின் வலிமை

முதலில் ஒரு சிறிய வழக்கைப் பார்ப்போம். மோரியா என்னும் சுரங்கத்திலே, காண்டால்ப் என்னும் மந்திரவாதி, பல்ரொக் என்ற தீப்பூதத்தை ஒடுங்கிய பாலத்தின் மேல் எதிர்த்து நிற்கிறார். பூதத்தைச் சூழ்ந்த நிழல் இரு பெருஞ் சிறகுகளைப் போல் விரிந்ததாக ஆசிரியர் முதலில் கூறுகிறார். சற்றுப் பின்னரோ, 'போல்' என்பதை விடுத்து, அதன் சிறகுகள் சுவரிலிருந்து சுவர்வரை பரந்தன என்கிறார். பூதத்துக்கு உண்மையில் சிறகு உண்டா, இல்லையா?

'இல்லை' என்போர், முதலில் வந்த உவமையே பின்னர் உருவகமாய்ச் சுருங்கிற்று என்பர். சிறகிருந்தால் பாலம் முறிந்தபோது பூதம் பாதாளத்தில் விழுந்திருக்குமா என்றும் கேட்பர். 'உண்டு' என்போர், தீக்கோழிக்கும் சிறகுண்டு, அது பறக்கிறதா என்று திருப்பிக் கேட்பர். இவ் வழக்குக்கு இன்றுவரை தீர்ப்பில்லை. ஆனால், ஓர் உவமவுருபை இத்துணைக் கூர்ந்து நோக்கும் மாணவனை எந்தத் தமிழாசிரியர்தாம் கடிந்துகொள்வார்? ஊகத்தின் முதற்பயன் இதுவே: அது நம்மை நூலின் சொல்லுக்குத் திரும்ப அழைத்துச் செல்கிறது.

விடையில்லாத மனிதர்

அடுத்த வழக்கு டொம் பொம்படில் என்பவரைப் பற்றியது. நீலச் சட்டையும் மஞ்சட் சப்பாத்தும் அணிந்து, பாட்டுப் பாடிக்கொண்டு காட்டில் வாழும் விந்தை மனிதர் இவர். வல்லோரெல்லாம் தொட அஞ்சும் மோதிரத்தை இவர் விரலில் இட்டுப் பார்க்கிறார்; மறையவில்லை! புரோடோ அதனை அணிந்து மறைந்தபோதும் இவருடைய கண்ணுக்குத் தப்பவில்லை. மோதிரத்தின் மாயம் இவரிடம் மட்டும் பலிக்காதது ஏன்?

இவர் கடவுளே என்றனர் சிலர். படைத்தோன் இக்கதையில் எவ்வுருவிலும் தோன்றவில்லை என்று ஆசிரியரே ஒரு கடிதத்தில் மறுத்துவிட்டார். தேவருள் ஒருவர் என்பாரும், இயற்கையின் ஆவி என்பாரும், நூலினுள் நுழைந்த ஆசிரியரே என்பாரும் உளர். இத்தனைக்கும் இவர் பிறந்தது ஓர் ஒல்லாந்துப் பொம்மையிலிருந்தாம்! டோல்கீனின் பிள்ளைகள் விளையாடிய அப் பொம்மை, 1934இல் ஒரு செய்யுளின் நாயகனாகி, பின்னர் பெருங்கதையினுள்ளும் புகுந்தது. மறைந்துவரும் ஒக்ஸ்போர்ட் நாட்டுப்புறத்தின் ஆவி என 1937இல் தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் ஆசிரியர் இவரைக் குறிப்பிட்டார். ஆனால், கதையுலகில் இவர் யார் என்பதை அவர் வெளிப்படுத்தவேயில்லை. எந்த யுகத்திலும் சில புதிர்கள் இருந்தே தீரும். இது வேண்டுமென்றே விட்ட புதிர் என்பது 1954இல் அவர் தந்த விளக்கம்.

இதிலிருந்து பெறும் பாடம் வேறு. எல்லாப் பூட்டுக்கும் சாவி தேடுதல் தகாது. பிறரை ஆளும் ஆசையே இல்லாத ஒருவரிடம் ஆளும் மோதிரம் என்ன செய்யமுடியும்? இந்த அளவு எமக்கு விளங்கினால் போதும். அவருடைய குலமும் கோத்திரமும் தெரிந்துதான் ஆகவேண்டியதென்ன?

சாபமா, இரக்கமா?

மூன்றாவது வழக்கு கதையின் உச்சக்கட்டத்தைப் பற்றியது. கொலம் என்பவன் நெடுங்காலம் மோதிரத்தை வைத்திருந்து, அதனால் அறிவும் உருவும் கெட்டவன். அதனைத் திரும்பப் பெறும் பொருட்டுப் புரோடோவைத் தொடர்ந்து வருகிறான். எரிமலைச் சரிவிலே அவன் பாய்ந்து தாக்க, புரோடோ மோதிரத்தைப் பற்றிக்கொண்டு, இனி என்னைத் தொட்டால் நீ தீயிலே வீழ்வாய் என்னும் கருத்துப்படக் கட்டளையிடுகிறான். சற்று நேரத்தின் பின், மலையின் உள்ளே நின்று, மோதிரத்தை எறிய மாட்டேன், அது என்னுடையது என்று புரோடோ மனம் மாறிவிடுகிறான். கொலம் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, களிப்பிலே கூத்தாடி, கால் தவறித் தீயில் விழுகிறான். மோதிரமும் அழிகிறது.

இது வெறுந் தற்செயலா? இல்லை என்கிறது வாசகர் ஊகம் ஒன்று. மோதிரத்தைப் பற்றி இட்ட கட்டளை மோதிரத்தின் வல்லமையாலேயே நிறைவேறிற்று. பிறரை அடக்குவதற்காக ஆக்கப்பட்ட மாயம் தன்னையே அழித்துக்கொண்டது என்பது அதன் சாரம். நூலிற் சான்றுள்ள அழகிய ஊகம் இது. ஆசிரியரோ 1956ஆம் ஆண்டுக் கடிதங்களில் வேறொன்றை வலியுறுத்தினார். புரோடோவின் ஆற்றல் முற்றும் ஒடுங்கிய வேளையில் அவனைக் காத்தது, முன்பு கொலமிடம் அவன் காட்டிய இரக்கமே என்றார்.

இவ்விரண்டும் முரணானவை போல் தோன்றும். சற்றுச் சிந்தித்தால் அவ்வாறன்று என்பது எமது எண்ணம். கட்டளை பலிப்பதற்கும் கொலம் உயிரோடிருந்தாக வேண்டுமன்றோ? அவனைக் கொல்லும் வாய்ப்பு பில்போவுக்கு இருந்தது; புரோடோவுக்கு இருந்தது; கடைசியில் தோழன் சாமுக்கும் இருந்தது. மூவரும் இரங்கிவிட்டனர். மாயத்தின் கணக்கை எவ்வளவு தூரம் போட்டுப் பார்த்தாலும், அடியிலே நிற்பது இரக்கம் என்ற ஒன்றுதான்.

ஆசிரியரையே வருத்திய வினா

இனி வருவது யாவற்றினும் கடியது. சவுரோனின் படைவீரர்களாகிய ஓர்க்குகள் எங்கிருந்து வந்தனர்? கதையில் அவர்கள் ஆயிரக்கணக்கில் மடிகின்றனர், அழுவார் எவருமில்லை. பிறவியிலேயே தீய இனம் ஒன்று இருக்க முடியுமா?

டோல்கீன் முதல் உலகப் போரில், 1916இல், சொம் போர்க்களத்தில் நின்றவர். நோயுற்று ஊர் திரும்பிய காலத்தில் அவர் எழுதத் தொடங்கிய ஆதிக்கதைகளில், நிலத்தடி வெப்பத்திலும் சேற்றிலுமிருந்து முதற்கொடியோன் ஓர்க்குகளைப் படைத்ததாக எழுதினார். பின்னர் அது அவருக்கு உடன்பாடாகவில்லை. தீமையால் உயிரைப் படைக்க இயலாது, உள்ளதைக் கெடுக்கவே இயலும் என்ற கொள்கைக்கு வந்தார். பெருங்கதையிற் புரோடோவும் சாமிடம் இக்கருத்தையே சொல்கிறான்.

ஒக்ஸ்போர்டில் கத்தோலிக்கப் புத்தகசாலை ஒன்றை நடத்திய வாசகர் ஒருவர், 1954இல் இத்தகைய ஐயங்களை ஆசிரியருக்கு எழுதிக் கேட்டார். ட்ரீபியர்ட் என்னும் மரமனிதன், இருளின் தலைவன் சில இனங்களை ஆக்கியதாய்க் கூறுகிறானே, தீமைக்குப் படைக்கும் ஆற்றல் உண்டோ என்பது அவற்றுள் ஒன்று. ட்ரீபியர்ட் கதையில் வரும் ஒருவன், அவன் நானல்லன், அவனுக்குத் தெரியாதவை பல என்று விடை எழுதினார் டோல்கீன். பாத்திரத்தின் கூற்றை ஆசிரியரின் கூற்றாகக் கொள்ளலாகாது என்பதை மாணவர்கள் இங்கே குறித்துக்கொள்ளலாம். சுவையான செய்தி என்னவெனில், அந்த நீண்ட மறுமொழியை அவர் அனுப்பவேயில்லை. தம்மைத் தாமே அளவுக்கு மிஞ்சிப் பெரிதுபடுத்துவதாகத் தோன்றியதால் நிறுத்திக்கொண்டாராம்.

ஆயினும், வினா அவரை விடவில்லை. சிறைப்பட்டுச் சிதைக்கப்பட்ட எல்வு இனத்தவரே ஓர்க்குகளாயினர் என்று வைத்தார். அழிவற்ற ஆன்மாவுடைய ஓரினம் மீட்சியின்றிக் கெடுமோ என்ற ஐயம் எழுந்தது. மனிதரே அவ்வாறாயினர் என்று மாற்றலாமா? கதைக் கணக்கின்படி மனிதர் தோன்றுமுன்னரே ஓர்க்குகள் இருந்துவிட்டனர். பேசப் பழக்கிய விலங்குகளோ? அப்படியாயின், இரண்டாம் பாகத்தின் இறுதியில் இரு ஓர்க்குத் தலைவர்கள், போர் முடிந்ததும் மேலதிகாரிகள் இல்லாத இடத்துக்குப் போய் வாழ்வோம் என்று பேசிக்கொள்கின்றனரே, அது விலங்கின் பேச்சா? 1973இல் மறையும்வரை டோல்கீன் முடிந்த முடிபாக எதனையும் வெளியிடவில்லை. அவருடைய மைந்தர் கிறிஸ்தோபர் 1977இல் பதிப்பித்த 'த சில்மரில்லியன்' என்ற நூலில் எல்வு இனக் கொள்கை இடம்பெற்றது. ஏனைய ஆராய்ச்சிகள் 1993இல் வெளியான மற்றொரு தொகுதியில் அச்சேறின.

அத் தொகுதியிலே ஒரு குறிப்பு உண்டு. ஓர்க்குகள் எத்துணைக் கொடியோராயினும், அவர்கள் சரணடைந்து இரக்கம் வேண்டினால், நட்டம் நேரினும் அதனை வழங்கியே ஆகவேண்டும் என்பது அறிவோரின் நெறி. போரின் கொடுமையில் அந்நெறி எப்போதும் பேணப்படவில்லை என்கிறது அக்குறிப்பு. பிறப்பு யாதென்று தீர்மானிக்க முடியாத போதும், நடத்தவேண்டிய முறை யாதென்பதில் ஆசிரியருக்கு ஐயமிருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலமாகிய 1944இல், விமானப்படையிலிருந்த அதே மைந்தருக்கு எழுதிய கடிதத்தில், மெய்யான உலகில் ஓர்க்குகள் இரு பக்கத்திலும் உளர் என அவர் எழுதியதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

உரைகல் எது?

ஊகம் செய்வோருக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. உங்கள் ஊகத்துக்கு நூலிலே சொற்சான்று உண்டா என்று பாருங்கள். அச்சொல்லைச் சொன்னவர் யார், அவருக்கு எவ்வளவு தெரியும் என்று பாருங்கள். முடிவில், அந்த ஊகம் கதையை விரிக்கிறதா, சுருக்குகிறதா என்று பாருங்கள். சிறகு உண்டா என்ற வினா நம்மைச் சொல்லுக்கு இட்டுச் சென்றது. பொம்படில் யார் என்ற வினா அடக்கத்தைக் கற்பித்தது. ஓர்க்கு எங்கிருந்து வந்தான் என்ற வினாவோ நமது வாயிலில் வந்து நிற்கிறது. 'அந்த இனத்தவரே அப்படித்தான்' என்ற பேச்சை நாம் எங்கும் கேட்டதில்லையா? சில வேளைகளில் நாமே பேசியதும் இல்லையா?

ஆகவே, இன்று மாலை உங்கள் வீட்டுச் சிறுவன் கதைப்புத்தகத்தை மூடிவிட்டு, "அந்த அரக்கன் ஏன் கெட்டவனானான்?" என்று கேட்பானாயின், "அது வெறுங் கதை; போய்ப் படி" என்று துரத்திவிடாதீர்கள். கற்றறிந்த பேராசிரியர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் எண்ணியும் முடிவு காணாத வினா அது. அவனை அருகில் இருத்தி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள்.