இலண்டன் வழி வந்த பிராய்ட்: உளப்பகுப்பாய்வுக் கலைச்சொற்களும் தமிழ்த் திறனாய்வும்

இலண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில், மேர்ஸ்ஃபீல்ட் கார்டன்ஸ் 20ஆம் இலக்க இல்லத்தில் சிக்மண்ட் பிராய்ட் வாழ்ந்தது ஓராண்டுக்கும் குறைவான காலமே. நாசி ஆட்சியிலிருந்து தப்பி 1938 ஜூன் மாதம் இலண்டன் வந்த அவர், செப்டெம்பர் இறுதியில் அவ்வில்லத்திற் குடியேறினார். 1939 செப்டெம்பர் 23 அன்று அங்கேயே மறைந்தார். வியன்னாவிலிருந்து அவருடன் வந்த சிலைகளுள் தந்தத்தாலான திருமால் உருவம் ஒன்றும் உண்டு. கல்கத்தாவில் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போசும் அவர்தம் குழுவினரும் பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கென 1931இல் அனுப்பிய பரிசு அது.

ஆயினும் பிராய்டின் எழுத்து அவருக்கு முன்னரே இலண்டனுக்கு வந்துவிட்டது. எர்னெஸ்ட் ஜோன்ஸ் 1913இலும், பின்னர்ப் புதுக்கி 1919இலும் அங்கு உளப்பகுப்பாய்வுக் கழகம் நிறுவினார். மொழிபெயர்ப்பாளருக்கென 1924இல் அவர் ஒரு சொற்பட்டியலையும் வெளியிட்டார். அதே ஆண்டில் ஹோகார்த் அச்சகம் பிராய்டின் நூல்களை வெளியிடும் பொறுப்பை ஏற்றது. ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி பதிப்பித்த 24 தொகுதிகள் 1953 முதல் 1974 வரை வெளிவந்தன. தமிழுலகம் பிராய்டை அறிந்தது பெரும்பாலும் இந்த ஆங்கிலத்தின் வழியேயாம். எனவே தமிழ்க் கலைச்சொற்களை ஆராய்வோர் ஆங்கிலச் சொல்லுடன் நின்றுவிடாது, அதற்குப் பின்னுள்ள ஜெர்மன் சொல்லையும் காணவேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் சிலவிடங்களிற் பெரிது.

எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு 'ஈகோ'. பிராய்ட் 1923இல் எழுதிய நூலில் மனத்தின் கூறுகளுக்கு இட்ட பெயர்கள் 'இக்', 'ஏஸ்' என்பன. ஜெர்மானியக் குழந்தையும் அறிந்த சொற்கள் அவை. முதலாவது 'நான்', இரண்டாவது 'அது'. மருத்துவத்துறையின் மதிப்பைப் பெற விழைந்த இலண்டன் மொழிபெயர்ப்பாளர்கள் அவற்றுக்கு இலத்தீன் ஆடை அணிவித்தனர். அந்த இலத்தீன் சொல்லையே நோக்கித் தமிழில் 'அகம்', 'தன்முனைப்பு', 'அகந்தை' முதலியன ஆக்கப்பட்டன. பேச்சுவழக்கிலோ 'அவருக்கு ஈகோ' என்றால் செருக்கு என்பதே பொருள். பிராய்டின் 'நான்' செருக்குடையதன்று. உள்ளிருந்து எழும் விழைவுக்கும் புறவுலகின் கட்டாயத்துக்கும் இடையே அல்லற்படுவது. 'அகம்' என்பதோ அகத்திணை பயில்வோரிடையே பெருங்குழப்பம் விளைப்பது. எளிய 'நான்' தமிழில் இருக்க, இத்தனை சொற்கள் எதற்கு என்று வினவலாம்.

'நனவிலி' இவற்றினும் நல்ல ஆக்கம். ஆனால் அதனுடன் 'ஆழ்மனம்', 'அடிமனம்' என்பனவும் வேறுபாடின்றி வழங்குகின்றன. அடியில் உள்ள மனம் என்னும் பொருள்படும் சொல்லைப் பிராய்ட் 1915ஆம் ஆண்டுக் கட்டுரையில் வெளிப்படையாகவே மறுத்தார். அவர் கருதிய வேறுபாடு ஆழத்தைப் பற்றியதன்று. நாக்கு நுனியில் நின்று சற்றுப் பொறுத்து நினைவுக்கு வரும் பெயர் அப்போது நனவில் இல்லை. எனினும் அது நனவிலியைச் சேர்ந்ததன்று, நனவுக்கு முந்திய நிலையைச் சேர்ந்தது. நனவிலியில் உள்ளதோ முயன்றாலும் வராதது. வரவிடாமல் ஏதோ ஒன்று தடுப்பது. அந்தத் தடையைக் கருதாமல் நனவிலியைப் பேசுவது பிராய்டுக்கு முன்பே இருந்த தத்துவங்களைப் பேசுவதாகவே முடியும்.

தமிழ்த் திறனாய்வு மிகுதியும் வழுவுவது இந்தத் தடையின் பெயரிலேதான். 'அடக்கப்பட்ட ஆசை' என்றே பலரும் எழுதுகின்றனர். தமிழில் அடக்கம் ஓர் அறம். குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. அடக்குபவர் தாம் எதை அடக்குகிறோம் என்பதை அறிந்தே அடக்குகிறார். பிராய்ட் ஆண்ட ஜெர்மன் சொல்லாகிய 'ஃபெர்ட்ரெங்குங்' நெருக்கி வெளியே தள்ளுதலைக் குறிப்பது. அறிந்து அடக்குதலுக்கு அம்மொழியில் வேறு சொல் உண்டு. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் 1909இல் ஆற்றிய உரைகளில் அவர் இதற்கு ஓர் உவமை கூறினார். அவையில் ஒருவர் சிரித்தும் காலை உதைத்தும் உரைக்கு இடையூறு செய்கிறார். சிலர் எழுந்து அவரை வெளியேற்றுகின்றனர். மீண்டும் நுழையாதவாறு கதவருகே நாற்காலிகளைப் போட்டு அமர்கின்றனர். வெளியேற்றப்பட்டவரோ கதவைத் தட்டிக் கூச்சலிடுகிறார். அக்கூச்சலே நோய்க்குறி. (மாநாடுகளுக்குப் பழகியவர்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.)

யோசப் புரொயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் 'அன்னா ஓ.' என்ற பெயரில் இடம்பெறும் பெண்ணின் வரலாறு இதனை விளக்கும். கடும் வெயிலிலும் அவரால் நீர் அருந்த இயலவில்லை. குவளை உதட்டைத் தொட்டதும் தள்ளிவிடுவார். ஒருநாள் அறிதுயில் நிலையில், தமக்கு உறுதுணையாக இருந்த மாதின் நாய் குவளையொன்றில் நீர் குடித்ததைக் கண்ட அருவருப்பை அவர் வெளியிட்டார். அக்கணமே நீர் கேட்டுப் பருகினார். இன்னொரு செய்தி மொழி ஆய்வாளர் கருத்திற்குரியது: நோய்க்காலத்தில் ஒரு கட்டத்தில் அவர் தாய்மொழியாகிய ஜெர்மனை இழந்து ஆங்கிலத்திலேயே பேசினார். 'பேச்சு மருத்துவம்' என்று இச்சிகிச்சைக்கு அவர் இட்ட பெயரும் ஆங்கிலப் பெயரே.

இவ்வேறுபாட்டை மனங்கொண்டு குறளின் 'கனவுநிலை உரைத்தல்' அதிகாரத்தை அணுகினால் ஒன்று தெளிவாகும். நனவில் வாராத தலைவன் கனவில் வருகிறான். தலைவி அதனைத் தானே எடுத்துரைக்கிறாள். அவள் விழைவது எது என்பதில் அவளுக்கு ஐயமில்லை. அங்கே தள்ளப்பட்டதும் இல்லை, மாறுவேடம் பூண்டதும் இல்லை. பிராய்டின் வகைப்பாட்டில் இது குழந்தைக் கனவை ஒத்தது. உணவு மறுக்கப்பட்ட நாளின் இரவில், பத்தொன்பது மாதக் குழந்தையான தம் மகள் அன்னா தூக்கத்தில் ஸ்ட்ராபெரிப் பழங்களின் பெயரை உரைத்ததைக் கனவு நூலில் அவர் குறித்துள்ளார். (அந்த அன்னாவே பின்னாளில் குழந்தை உளப்பகுப்பாய்வில் முன்னோடியாகி, 1982இல் மறையும்வரை மேர்ஸ்ஃபீல்ட் கார்டன்ஸ் இல்லத்தில் வாழ்ந்தார்.) ஆகவே தலைவியின் கனவை 'அடிமனத்தில் அடக்கப்பட்ட ஆசையின் வெளிப்பாடு' என்பது பிராய்டுக்கும் பொருந்தாது, வள்ளுவருக்கும் பொருந்தாது. நனவிலிக் கொள்கையை முன்னரே தமிழர் கண்டனர் என்று நிறுவ இவ்வதிகாரத்தை எடுத்தாள்வதும் அத்தகையதே.

நியூரோசிஸ் என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டா. ஸ்கொத்லாந்து மருத்துவர் வில்லியம் கலன் 18ஆம் நூற்றாண்டில் ஆக்கிய அச்சொல் நரம்பின் கோளாற்றையே சுட்டியது. பிராய்ட் சொல்லை வைத்துக்கொண்டு பொருளை மாற்றினார். தள்ளப்பட்ட விழைவுக்கும் தள்ளும் ஆற்றலுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடே நோய்க்குறி என்றார். தமிழில் நரம்பைப் பற்றிநிற்கும் பெயர்கள் கலனின் காலத்திலேயே நிற்கின்றன.

'ட்ரீப்' என்பதே இன்னும் தீராத வழக்கு. ஸ்ட்ரேச்சி அதனை 'இன்ஸ்டிங்ட்' என்று பெயர்த்தார். தமிழ் உளவியல் நூல்கள் அதனை 'இயல்பூக்கம்' என்றன. தூக்கணாங்குருவி கற்பிப்பார் இன்றியே கூடு பின்னுவது இயல்பூக்கம். செயலும் பொருளும் அதற்கு முன்னரே வகுக்கப்பட்டவை. பிராய்ட் 1915இல் விளக்கிய ட்ரீப், உடலுக்கும் உள்ளத்துக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்பது. அதற்கு உந்தும் விசையும், நிறைவு என்னும் இலக்கும், உடலில் ஓர் ஊற்றும், நிறைவு தரும் பொருளும் உண்டு. இந்நான்கனுள் மிக எளிதில் மாறுவது பொருளே. ஒரே உந்தல் ஓர் ஆளையும், ஓர் ஆடையையும், தன் உடலையுமே நாடக்கூடும். மனித விழைவுக்கு வரலாறு உண்டென்பதன் அடிப்படை இதுவே. இயல்பூக்கத்துக்கு அத்தகைய வரலாறில்லை. ஜெர்மனில் 'இன்ஸ்டிங்க்ட்' என்ற சொல்லும் உண்டு. பிராய்ட் அதனை அரிதாகவே ஆண்டார். மார்க் சோம்ஸ் திருத்திய பதிப்பு 2024இல் வெளிவந்தபோது ஸ்ட்ரேச்சியின் சொல் நீக்கப்பட்டு 'உந்தல்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் அவ்விடத்தில் அமர்ந்தது. தமிழில் 'உந்தல்' என்ற சொல் முன்னரே உண்டு. பாடநூல்களிலும் கலைச்சொல் அகராதிகளிலும் அது இயல்பூக்கத்தின் இடத்திற்கு வரவேண்டியதே எஞ்சியுள்ளது.