ஒரே காற்றில் இரண்டு பட்டம்

மக்களே, ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: "மாமா, ரெண்டு வைத்தியத்துல எது நல்லதுன்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்?" கெட்டிக்காரி! பெரியவர்களே கேட்க மறக்கும் கேள்வி இது.

முதலில் பட்டம் விடுவோம். நீ ஆரல்வாய்மொழியில் விடுகிறாய். ஆடிக்காற்று அங்கே ஆளையே தள்ளும். உன் தோழன் வீட்டு முற்றத்தில் விடுகிறான். உன் பட்டம் உயரே போகிறது. உடனே உன் பட்டம்தான் சிறந்தது என்று சொல்லலாமா? கூடாது. இரண்டையும் ஒரே காற்றில் விட்டுப் பார்க்க வேண்டும். புரிகிறதா? இதை மறக்காதே.

இனி வைத்தியத்துக்கு வருவோம். ஆசாரிப்பள்ளத்தில் இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே முன்பு காசநோய் மருத்துவமனை இருந்தது. காசநோய் நுரையீரலை அரிக்கும், இருமினால் பரவும். அதனால் நோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்து, இப்படிப்பட்ட இடங்களில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். நாடு முழுவதும் படுக்கைகள் கொஞ்சம், நோயாளிகள் ஏராளம். இடம் கிடைத்தாலும், அம்மா அங்கே போய்விட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அப்பா போய்விட்டால் அரிசிக்கு என்ன செய்வது?

வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டால் குணமாகாதா? 1956-இல் சென்னையில் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 193 நோயாளிகள் சேர்ந்தார்கள். யார் வீட்டில், யார் மருத்துவமனையில்? கபடிக்கு அணி பிரிக்கச் சீட்டு எடுப்போமே, கிட்டத்தட்ட அப்படித்தான் முடிவானது. மருத்துவரே பொறுக்கினால், நோய் முற்றாதவர்கள் எல்லாம் ஒரு பக்கமாகப் போய்விடலாம். அப்போது காற்று ஒன்றாக இருக்குமா? நீயே சொல்! இரு பக்கத்தாருக்கும் ஒரே மருந்துகள், ஓர் ஆண்டுக்கு.

மருத்துவமனையில் நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. வீட்டிலோ நெருக்கடி, அரைவயிறு. ஆண்டு முடிந்தபோது மருத்துவமனையில் 100-க்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் எத்தனை பேருக்கு? ஊகித்துப் பார். 86! அத்தனை வறுமையிலும் இவ்வளவு நெருங்கி வந்தார்கள். எனக்கு இன்றைக்கும் வியப்பு தீரவில்லை. அந்த ஆண்டையும் சேர்த்து மொத்தம் ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். இரு பக்கத்தாரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தார்கள்.

ஆனால் அம்மாக்களின் பயம் வேறு. "எம் பிள்ளைக்கு ஒட்டிக்கிடுமோ?" நல்லவேளை, மருத்துவர்கள் அதையும் பார்த்தார்கள். வீட்டு மனிதர்களைத் தொடர்ந்து சோதித்தார்கள். நோயாளி வீட்டில் இருந்ததால் மற்றவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. ஏன் தெரியுமா? மருந்து உள்ளே போனதும் கிருமிகள் வேகமாகக் குறைந்துவிடும். வீட்டாருக்குத் தொற்றுவது பெரும்பாலும் அதற்கு முன்புதான், நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களில்.

1959-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. பிறகு உலகமெங்கும் காசநோயாளிகள் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடத் தொடங்கினார்கள். இன்று பெரும்பாலோருக்கு ஆறு மாதம் போதும். மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அம்மா அதை விழுங்கிவிட்டு, உனக்குத் தலைவாரிப் பள்ளி மணி அடிப்பதற்குள் அனுப்பிவைக்கலாம்.