பெயர் மாறி வாழ்ந்த தேரை

"அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட உயிரினம் திரும்பி வருமா?" என்று வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார். வந்திருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே.

மழை பெய்த இரவுகளில் தெஹிவளை வீட்டு வாசல்களில், விளக்கடியில் பூச்சிக்காகக் குந்தியிருக்கும் தேரையை எல்லோரும் அறிவோம். அதன் மலைநாட்டு உறவுதான் கண்டிக் குள்ளத் தேரை. உள்ளங்கையில் அடங்கிவிடும், தோல் சொரசொரப்பானது. குளிர்ந்த காட்டோடைகளே அதன் வீடு. அதன் வாற்பேத்தை விரைந்தோடும் நீருக்கென்றே அமைந்தது. குளியலறைச் சுவரில் ஒட்டும் ரப்பர் கொளுக்கியைப் போல, அடிப்பக்கத்து வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு ஓட்டத்தில் அடிபடாமல் நிற்கும்.

1872இல் லண்டனில் விலங்கியலாளர் அல்பர்ட் குந்தர் இந்தத் தேரைக்குப் பெயரிட்டார். பிறகு நூறாண்டுக்கு மேலாக யார் கண்ணிலும் படவில்லை. 2004இல் அழிந்த இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 2009இல் ஆய்வாளர் மெண்டிஸ் விக்கிரமசிங்கவின் குழு சிவனொளிபாத மலைக் காட்டில் அதைக் கண்டது. 2012இல் செய்தி வெளியானதும் 'உலகின் மிக அரிய தேரை' என்று உலகமே பேசியது.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். அதே மலைக்காடுகளின் ஒரு தேரைக்கு, ஆய்வாளர்கள் கெலும் மனமேந்திர ஆரச்சியும் ரொஹான் பெத்தியகொடவும் 1998இலேயே 'அடெனோமஸ் தசி' என்று புதுப்பெயர் சூட்டியிருந்தார்கள். 2015இல் மரபணு, குரல், வாற்பேத்தையின் உடலமைப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. உயிரினங்களுக்குப் பெயரிடும் விதிப்படி பழைய பெயரே நிலைக்கும். ஆக, அழிந்தது என்று எழுதிவைத்த காலத்திலும் அந்தத் தேரை வேறு பெயரில் நம் ஏடுகளில் இருந்திருக்கிறது! 2015 ஆய்வை எழுதியவர்களில் அந்த இருவரும் உண்டு. தாம் சூட்டிய பெயரைத் தாமே விலக்கிக்கொண்ட அந்த நேர்மையை நம் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தர வேண்டும்.

அந்தத் தேரை வாழும் சிவனொளிபாத மலைக் காடு 2010 முதல் உலக மரபுரிமை. களனி கங்கைக்கு நீர் தருவதும் அதுதான். கொழும்பில் நாம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் அந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆனால் டிசம்பர் முதல் மே வரை மலையேறும் நம்மவர்கள் ஓடைகளில் சவர்க்காரம் போட்டுக் குளித்து, ஷாம்பூ பைகளைக் கரையிலேயே வீசிவிட்டு வருகிறார்கள். தேரை தோலாலும் மூச்சுவிடும் உயிர். நீரில் கலந்தது அதன் உடலிலும் சேரும். மலையடிவாரத்து நல்லதண்ணியில் தங்குமிடத்திலேயே குளித்து முடித்துவிட்டு மலையேறுங்கள். கொண்டுபோன பொலித்தீனைத் திரும்ப எடுத்து வாருங்கள்.