ஆறாவது விரலும் மாலைக்கண்ணும்

ஆறு விரலோடு குழந்தை பிறந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பெரும்பாலும் அதனால் தீங்கில்லை. ஆனால் அதே குழந்தை ஏழெட்டு வயதில் பொழுது சாய்ந்ததும் தட்டுத் தடுமாறி நடந்து, உடம்பும் வயதுக்கு மீறிப் பெருத்துக்கொண்டே போனால், பார்டெட்-பீடில் என்ற பரம்பரை நோயை டாக்டர் சந்தேகிப்பார். சிலருக்குச் சிறுநீரகமும் கெடும். விரல், கண், எடை, சிறுநீரகம் என்று இத்தனையும் ஒரே நோயில் சேரக் காரணம் சிலியா.

செல்லிலிருந்து மயிரிழைபோல் நீண்டிருக்கும் சிலியாவுக்குள் புரதம் தயாரிக்க ரைபோசோம் கிடையாது. கட்டுமானப் பொருளான டியூபுலின் முதல் எல்லாமே செல்லின் உடலிலிருந்து வந்தாக வேண்டும். அந்தப் போக்குவரத்தை 1993-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பாம் குழுவினர் கிளமிடோமோனாஸ் என்ற பாசியில் கண்ணாரப் பார்த்தார்கள். மைக்ராஸ்கோப்பின் கீழே, அதன் சிலியாவான கசையிழைக்குள் சிறு மணிகள் ஓயாமல் ஓடின. நுனியை நோக்கி நொடிக்குச் சுமார் 2 மைக்ரான், திரும்பும்போது இன்னும் வேகம். விஞ்ஞானிகளே இவற்றை ரயில் என்றுதான் சொல்கிறார்கள். கைனசின்-2 என்ற இயக்கப் புரதம் முன்னே இழுக்கிறது, டைனீன்-2 என்ற இன்னொன்று திருப்பிக் கொண்டுவருகிறது. ஐஎஃப்டி81, ஐஎஃப்டி74 என்ற இரு புரதங்கள் டியூபுலினைப் பிடித்துக்கொள்கின்றன. சிலியாவுக்குள் நீளவாக்கில் ஓடும் ஒவ்வொரு இரட்டைக் குழலிலும் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்பதால் மோதலே இல்லை. பார்டெட்-பீடில் புரதங்கள் இந்த ரயிலோடு பயணித்து, சிலியாவில் தேங்கக் கூடாதவற்றை வெளியேற்றுகின்றன. விழித்திரைச் செல்லில் ஒளியை வாங்கும் பகுதி ஒரு சிலியாதான். அங்கே தேக்கம் ஏற்பட்டால் பார்வை மங்கிக்கொண்டே போகும்.

எனக்குக் கவலை தருவது இதற்கு அடுத்த விஷயம். இந்த நோய் பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் தலைகாட்டும். இருவருக்கும் அந்த ஜீன் இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சொத்து வெளியே போகக் கூடாது, பெண் கண்ணெதிரே இருக்கணும் என்று தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கட்டிக்கொடுக்கும்போது, ஒரே பாட்டியின் பழுதான ஜீன் இரு பக்கமும் வந்து நிற்க வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பார்வை போன பிள்ளைக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது.

சொந்தத்தில் சம்பந்தம் பேசுகிறீர்களா? குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலேயே பார்வை போயிருந்தாலோ சிறுநீரகம் கெட்டிருந்தாலோ, நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.